திருவொத்தியூர் சவ்வு

ஷின்ச்சு, தைவான்
8 ஜூன் 2025

மங்க,

கையெழுத்தப் பாத்ததும் கிழிச்சுப் போட்டுடாத. முதல் பக்கத்தயாவது படி. என் நம்பர நீ பிளாக் பண்ணி மூணு வருஷமாச்சு, எனக்கு வேற வழி தெரியல. வண்ணாரப்பேட்டைல செல்போன் பார்ட்ஸ் கடை வெச்சிருக்காரே சுஃபியான் அண்ணன், அவர் சரக்கு எடுக்க அடிக்கடி இங்க வராரு. அவர் கையிலதான் இதக் குடுத்து அனுப்பறேன்.

நேத்து எங்க லேப்ல, புதுசா சாம்பிள் அனுப்பப்போற கம்பெனிங்க பேரெல்லாம் வந்துச்சு. கொரியா, ஜப்பான், இன்னொரு ஜப்பான், அதுக்குக் கீழ திருவொத்தியூர், சென்னை 19. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. பக்கத்து சீட்டுப் பொண்ணு என்னாச்சுன்னு கேட்டா, ஏசி காத்து ஒத்துக்கலன்னு சொல்லி சமாளிச்சேன். பொறுப்பாளர்ங்கிற எடத்துல உன் பேரு. படிச்சு முடிச்சதும் நாம ரெண்டு பேரும் பணம் போடச் சொல்லி ஜெயவேல் சார் பின்னாடியே அலைஞ்சு கெஞ்சி ஆரம்பிச்ச அதே ஷெட்டு, அதே சவ்வு.

எங்க நைனாவுக்கு நீ வெளக்கம் சொன்னது ஞாபகம் இருக்கா? வியாசர்பாடி வீட்டுல தரையில உக்காந்து, கையில டம்ளரோட சொன்ன. சிப்புல எறங்க வேண்டிய கோலத்த ஒரு கண்ணாடித் தகட்டுல போட்டு வெச்சிருப்பாங்க, அது வழியா வெளிச்சம் அடிச்சா கோலம் அப்படியே சிப்புல பதியும், தகட்டு மேல ஒரு தூசு குந்திச்சுன்னா எல்லா சிப்புலயும் அந்தத் தூசும் சேந்து பதிஞ்சுடும், அதனால தகட்டுக்கு மேல பாலாடை மாதிரி ஒரு சவ்வு இழுத்துக் கட்டறோம், தூசு வந்து அது மேல குந்திக்கும்னு. நைனா எல்லாத்தையும் கேட்டுட்டு, அவ்ளோ வெளிச்சம் பட்டா சவ்வு கெட்டுப் போவாதான்னாரு. "அதான் மாமா எங்க ரெண்டு பேரு பொயப்பே"ன்ன நீ. நைனா இன்னும் போன்ல அதச் சொல்லிச் சிரிக்கிறாரு.

அந்தப் பொழப்பத்தான் இங்க பாக்கறேன். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா லேசர சவ்வு மேல ராவும் பகலும் அடிக்க விடுவோம். போகப்போக சவ்வு மெலியும், தொய்யும், மங்கும். எது எவ்வளவு தாங்குதுன்னு பாத்துச் சொல்றது என் வேலை. உங்க சவ்வும் என் மேஜைக்குத்தான் வரப்போகுது. ஒரு கம்பெனிக்கு ஒரு தடவதான் சான்ஸ். பாத்து அனுப்பு.

ஸ்டேஷன்ல அன்னிக்கு நடந்தத நான் இழுக்கல. ஆனா வெக்கத்த விட்டு ஒண்ணு கேக்கறேன். உங்கம்மா போடற சுறாக் கருவாடு கொஞ்சம் அனுப்பறியா? இந்த ஊர்ல மீனுக்குப் பஞ்சமில்ல, அந்த ருசி மட்டும் எங்கயும் இல்ல.

சங்கமித்ரா


திருவொத்தியூர் குப்பம்
2 ஜூலை 2025

சங்கு,

கிழிக்கத்தான் போனேன். எங்கம்மா கையில இருந்து புடுங்கிகிச்சு. கடல் தாண்டிக் குந்திகினு ஒரு பொண்ணு கருவாடு கேக்குது, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியான்னு என்னையே ஏசுது. உன்ன இன்னும் அன்பிளாக் பண்ணல, பண்ணவும் மாட்டேன். பேசணும்னா கடுதாசியே போடு.

நீ இழுக்கலன்னா இன்னா, நான் இழுக்கறேன். கும்மிடிப்பூண்டி வண்டி வந்துகினு இருக்குது, நீ இன்னா சொன்ன? "இந்த ஷெட்டுல செய்யற சவ்வ உலகத்துல ஒருத்தனும் வாங்க மாட்டான் மங்க, நீயும் என்னோட வந்துடு"ன்ன. நான் உன்ன ஓடுகாலின்னேன். நான் சொன்னது கோவத்துல சொன்னது. நீ சொன்னது நல்லா யோசிச்சு சொன்னது. அதான் எனக்கு ஆறவே இல்ல.

நீ பூட்டன்னு ஷெட்டு ஒண்ணும் நின்னு பூடல. நாம இருந்தப்ப ஒரு ஃபிரேமு ஒட்டறதுக்குள்ள நாலு சவ்வு கிழியும். இப்ப ராஜாத்தியும் அன்புக்கரசியும் கண்ணாடி மேல இருந்து அத்த உரிக்கிறத நீ பாக்கணும், மூச்சு கூட உட மாட்டாங்க. வெளிய ரோட்டுல கன்டெய்னர் லாரி புழுதி, அந்தாண்ட எண்ணூர் சாம்பல், இந்தாண்ட உப்புக்காத்து. எல்லாத்தையும் வடிகட்டி உள்ள உட்டு கீறோம். உள்ள பூந்துட்டா நீ திருவொத்தியூர்லதான் கீறியான்னு உனக்கே டவுட்டு வந்துரும்.

சாம்பிள கூரியர்ல போட்டா தூக்கிப் போட்டு ஒடச்சுருவானுங்க. அதனால சுஃபியான் அண்ணன் கிட்டயே குடுக்கறேன். அவரு ஒரே பொட்டிதான் எடுத்துகினு போவேன்னுட்டாரு. கருவாட்ட மூணு கவர் போட்டுக் கட்டி அடியில வெச்சு, அதும் மேல துணி போட்டு, சவ்வ ஃபாயில் பையில சீல் பண்ணி மேல வெச்சிகீறேன். வாசன அடிக்காது, பயப்படாத.

நல்லா சோதி. எனக்காவ ஒரு புள்ளி கூட கூட்டிப் போடாத, கொறச்சும் போடாத. ஒருத்தனும் வாங்க மாட்டான்னு சொன்ன வாயாலயே இது நிக்கும்னு நீ சொல்லணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.

மங்கை


ஷின்ச்சு
27 ஜூலை 2025

மங்க,

கருவாட்டுக் கொழம்பு வெச்சேன். ஜன்னல் எல்லாம் சாத்தி, கதவிடுக்குல துண்ட வெச்சு, திருடி மாதிரி சமைச்சேன். இருந்தும் மேல் வீட்டு அம்மா எறங்கி வந்துட்டாங்க. திட்டப் போறாங்கன்னு பயந்தா, அவங்க தாத்தாவும் மீன் பிடிச்சவராம், வாசனை பிடிச்சுகிட்டு வந்தாங்களாம். ஒரு கிண்ணம் சாப்ட்டுட்டுப் போனாங்க. அவங்க போனப்புறம் நான் சட்டியில சோத்தப் போட்டுப் பெசஞ்சு தின்னேன். உங்க வீட்டுப் பின்னாடி, அலை தடுக்கக் கொட்டி வெச்சிருக்கற கருங்கல்லு மேல ஏறி உக்காந்து நாம சாப்பிடுவோமே, அலை அடிச்சு ஒரு தடவ தட்டே போச்சே, அந்த ஞாபகம். பேசின் பிரிட்ஜ்ல வண்டி மாறி உங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் கூட்டத்துல நசுங்கிட்டு வருவேன். இங்க ரயில்ல இடிக்கறதுக்குக் கூட யாரும் இல்ல.

சரி, சவ்வுக்கு வரேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் கருவாட்டப் பத்தியே எழுதிட்டு இருந்தேன்.

ஏர்போர்ட்ல யாரோ பொட்டியத் தொறந்து பாத்திருக்காங்க. ஃபாயில் பை அறுந்து, டேப்பு போட்டு ஒட்டியிருந்துச்சு. சீல் ஒடஞ்சு வந்தா சாம்பிள திருப்பி அனுப்பணும், அதான் ரூல். உன் சவ்வுன்னதும் எனக்கு மனசு வரல. வேற பை மாத்தி உள்ள எடுத்துட்டுப் போயிட்டேன், யார்கிட்டயும் சொல்லல. முதல்ல நல்லாதான் தாங்குச்சு. ஜப்பான் சவ்வுக்கு ஈடா நின்னுச்சு மங்க, பெருமையா இருந்துச்சு. அப்புறம் ஓரத்துல இருந்து பனி படிஞ்ச மாதிரி மங்க ஆரம்பிச்சுடுச்சு. இப்ப வெளிச்சம் சரியாவே உள்ள போகல. பாஸ் ஆகாது.

பசை ஏதாவது மாத்தினீங்களா? ரிப்போர்ட்ட இந்த வாரம் குடுத்தாகணும்.

சங்கமித்ரா


திருவொத்தியூர் குப்பம்
19 ஆகஸ்ட் 2025

சங்கமித்ரா,

பசைய மாத்தல. ஒண்ணையும் மாத்தல. அதே கண்ணாடியில உரிச்ச இன்னொரு துண்டு இங்க எங்க புற ஊதா வெளக்குக்கு அடியில கீது, இன்னிக்கி வரிக்கும் கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு கீது. நீ அங்க இன்னா பண்ண, அத்த மொதல்ல சொல்லு.

உங்க ரிப்போர்ட்டு வந்துச்சு. சவ்வுக்குள்ள அமீன் வகை அசுத்தம் கீதுன்னு போட்டுகீறாங்க, காரணம் தயாரிப்பு எடத்துக் காத்தா இருக்கலாம்னு ஒரு வரி. அந்த ஒரு வரி போதும். ஜெயவேல் சார் எங்க எல்லாரையும் குந்த வெச்சு, இந்த ஏரியாவுல எவ்ளோ ஃபில்டர் போட்டாலும் வேலைக்காவாது, சுத்தியும் ஃபேக்டரி, காத்தே கலீஜு, ஓசூருக்கு மாத்திக்கறேன்னுட்டாரு. பொங்கல் முடிஞ்சதும் மெஷின ஏத்தறாங்களாம். வர்றவங்க வரலாமாம்.

யாரு போறது சொல்லு. ராஜாத்திக்கு ரெண்டு பசங்க, மாமியாரு படுக்கையில. அன்புக்கரசி வூட்டுக்காரரு லாஞ்சுல போறவரு, அவரு ஓசூர்ல இன்னா தரையில வலை போடுவாரா? எங்கப்பா பொன்னுரங்கத்த உனக்குத் தெரியும், கடல் சத்தம் இல்லன்னா தூங்காது. நான் ஒருத்தி போலாம். போயி யாரோட வேலை செய்யறது?

என் ஊரு காத்துல ஆயிரம் கோளாறு இருக்குது, நானே சொல்றேன், நானே இருமிகினுதான் கீறேன். ஆனா இந்தத் தப்ப அது பண்ணல. செய்யாத தப்புக்கு ஊர் மேல பழியப் போட்டு எல்லாரும் நல்லா தூங்கறீங்க. நீ அன்னிக்கு சொன்னதுதான் நடந்துச்சு, ஒருத்தனும் வாங்கல. உனக்கு நிம்மதியா?

மங்கை


ஷின்ச்சு
7 செப்டம்பர் 2025

மங்க,

நீ கேட்டதும் எனக்கு சுருக்குன்னு ஆச்சு. அது என்ன அமீன்னு ரிப்போர்ட்டுல யாரும் பிரிச்சுப் பாக்கல. நான் மிச்சமிருந்த துண்ட எடுத்துட்டுப் போயி பிரிச்சுப் பாத்தேன். ஃபேக்டரிப் புகையில வர்றது எதுவும் இல்ல. ட்ரைமெத்திலமீன். உனக்கு நான் வெளக்க வேண்டியதில்ல, மீன் வாசனையே அதுதான்.

கருவாடுதான் மங்க. ஃபாயில் பை அறுந்ததுக்கப்புறம் சென்னையில இருந்து இங்க வர்ற வரைக்கும், அப்புறம் என் ரூம்ல ஒரு ராத்திரியும், சவ்வு கருவாட்டோட ஒரே பொட்டியில கெடந்திருக்கு. சவ்வு அத உறிஞ்சிகிச்சு. சும்மா கெடந்தா ஒண்ணும் தெரியாது. லேசர் பட்டதும் உள்ள போனது எல்லாம் வேலையக் காட்டி, பனியா படிஞ்சிடுச்சு. உன் சவ்வுல கோளாறு இல்ல. ஊர்க் காத்துலயும் கோளாறு இல்ல. கருவாடு கேட்ட என் நாக்குலதான் கோளாறு.

இத லின் மேடத்துகிட்ட, அதான் எங்க மேனேஜர், சொன்னா மறு சோதனை கெடைக்கலாம். ஆனா எல்லாத்தையும் சேத்துதான் சொல்லணும். சாம்பிள் அனுப்பற கம்பெனிப் பொண்ணுகிட்ட இருந்து நான் பார்சல் வாங்கினது, சீல் ஒடஞ்சத மறைச்சது, நாம கடிதம் போட்டுக்கறது. இதுல ஒண்ணுக்கே இங்க வேலைய விட்டுத் தூக்குவாங்க. தம்பி எழிலன் இப்பதான் காலேஜ் சேந்திருக்கான். நைனாவால முன்ன மாதிரி வேலைக்குப் போக முடியல.

நாலு நாளா மேடம் ரூம் வாசல் வரைக்கும் போய்ட்டு, தண்ணி குடிக்க வந்தவ மாதிரி திரும்பி வந்துடறேன். பயமா இருக்கு. என்ன பண்ணட்டும்னு நீ சொல்லு.

சங்கமித்ரா


திருவொத்தியூர் குப்பம்
25 செப்டம்பர் 2025

சங்கு,

படிச்சிட்டு ரவ நேரம் சிரிச்சேன். அப்பால அயுதேன். எங்கம்மா கிட்ட சொல்லல, சொன்னா அது கருவாடு போடறதயே உட்டுரும்.

காலேஜ் மொத வருசம் லேப்ல அமீன் பாட்டில எவனோ தொறந்து வெச்சுட்டான் பாரு. யாரு மீன் எடுத்துகினு வந்ததுன்னு மேடம் கேட்டாங்க. அத்தினி பேரும் திரும்பி என்னப் பாத்தாங்க. நான் அன்னிக்கு தயிர் சோறு. அப்ப நீ, அது வரிக்கும் என்னாண்ட ஒரு வார்த்த பேசாதவ, எந்திரிச்சு நின்னு "நான்தான் மேடம் கொண்டாந்தேன்"ன. உன் டிபன் பாக்ஸுல உப்புமா. வெளிய நிக்க வெச்சாங்க உன்ன. நானும் வந்து பக்கத்துல நின்னேன். அன்னிலேர்ந்துதான் நீ எனக்கு சங்கு. இப்ப இன்னாடான்னா, நெசமாவே நான்தான் மீன எடுத்துகினு வந்துகீறேன்.

சொல்லாதன்னு எயுதத்தான் குந்தினேன். எயுத வரல. ராஜாத்தி நேத்து ஓசூர்ல வாடகை இன்னா ஆவும்னு கேக்குது. அது மூஞ்சப் பாத்துகினு நான் எப்பிடி சொல்லாதன்னு சொல்வேன்? சொல்லுன்னும் எயுத வரல. உன் வேலை பூட்டா எழிலனுக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?

நானே சார் கிட்ட போயி, தப்பு என்னுது, கருவாட்ட நான்தான் வெச்சேன்னு சொன்னேன். உன் பேர எடுக்கல. சுஃபியான் அண்ணனுக்கு அனுப்பினதுன்னு பீலா உட்டேன். சார் ஒரு மணி நேரம் கத்துனாரு. அப்பால, இத்த நீ சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க, அங்க இருக்கறவங்க சொன்னாதான் மறுபடி சோதிப்பாங்கன்னாரு. அவரு சொல்றது கரெக்ட்டுதான்.

எனக்கு ஒண்ணும் தெர்ல சங்கு. நீ சொல்லலன்னாலும் உன்மேல வருத்தம் இல்ல, இது சத்தியம். சொம்மா வாயால சொல்லல.

மங்க


ஷின்ச்சு
14 டிசம்பர் 2025

மங்க,

இவ்ளோ நாளா எழுதாம இருந்ததுக்குக் கோச்சுக்காத. எழுதக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. இப்ப எல்லாம் முடிஞ்சுடுச்சு, ஒழுங்கா முதல்ல இருந்து சொல்றேன்.

உன் கடிதத்தப் படிச்ச மறுநாளே லின் மேடம் ரூம்க்குள்ள போயிட்டேன். ஒண்ணு விடாம சொன்னேன். அவங்க எல்லாத்தையும் பேப்பர்ல எழுதிகிட்டாங்க. அப்புறம், பிரிச்சுப் பாத்த ரிசல்ட்ட எடுத்துட்டு வான்னாங்க. சோதனை ரூம் சாவிய அன்னிக்கே வாங்கிட்டாங்க. ஒரு மாசம் விசாரணை. வேலைய விட்டுத் தூக்கல, சவ்வப் பிரிச்சுப் பாத்து நானே வந்து சொன்னதால. ஆனா இனிமே சோதனைப் பக்கம் வரக் கூடாது. இப்ப கண்ணாடித் தகடு கழுவற எடத்துல இருக்கேன். நாள் முழுக்க நின்னுட்டே வேலை, கால் வலிக்குது, மத்தபடி ஒண்ணுமில்ல.

அக்டோபர்ல உங்ககிட்ட புது சாம்பிள் கேட்டு வாங்கினாங்கல்ல, அத வேற ஒருத்தர் சோதிச்சார். எனக்கு எதுவும் தெரியக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. முந்தாநாள் மேடமே நான் கழுவற எடத்துக்கு வந்து, கிளவுசக் கழட்டச் சொல்லி, பேப்பரக் காட்டினாங்க. அடிக்க வேண்டிய அளவு முழுசும் அடிச்சும் மங்கல மங்க. தொய்யல. ஜப்பான் சவ்வ விட ரெண்டு வாரம் கூடவே ஓடியிருக்கு.

உன் சவ்வு நின்னுடுச்சு. இந்த வாயாலயே சொல்லணும்னு கேட்டியே, சொல்லிட்டேன்.

இன்னொண்ணும் இருக்கு. உங்க கம்பெனி இப்ப எங்களுக்கு சப்ளை பண்ற கம்பெனி ஆயிடுச்சு. நடந்தத வெச்சு, எனக்குன்னு தனியா ஒரு பேப்பர் தந்திருக்காங்க. இங்க வேலையில இருக்கற வரைக்கும் உன்கூட சொந்தமா எந்தத் தொடர்பும் வெச்சுக்கக் கூடாது. போன், கடிதம், யார் மூலமாவும் சேதி, எதுவும். ஜனவரி பொறந்ததும் கையெழுத்துப் போடணும். என் ஒப்பந்தம் முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு.

போடலன்னா வேலை இல்ல. வேலைய விட்டுட்டு வந்துடட்டுமா? நீ வான்னு ஒரு வார்த்த எழுதினா பொட்டியக் கட்டிடுவேன்.

சங்கு


திருவொத்தியூர் குப்பம்
28 டிசம்பர் 2025

சங்கு,

ஷெட்டுல சேதி முன்னயே வந்துருச்சு. ராஜாத்தி மாஸ்க்கு, குல்லா எதையும் கயிட்டாம அப்பிடியே என்னக் கட்டிகினு அயுதா. ஜெயவேல் சாரு ஓசூர் பேச்சயே எடுக்கறதில்ல. பக்கத்து ஷெட்டையும் சேத்து வாடகைக்குப் புடிக்கப் போறாராம், இன்னும் எட்டு பேர எடுக்கணுமாம். நம்ப குப்பத்துப் பொண்ணுங்க ரெண்டு மூணு பேர சொல்லி வெச்சிகீறேன். இது எல்லாம் நீ ஒருத்தி அந்த ரூம்புக்குள்ள போனதால நடந்துச்சு. இங்க யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும்.

கையெழுத்துப் போடு.

வான்னு எயுதலாம்னு பேனாவ எடுத்தேன், நெசமா. ரெண்டு வாட்டி எயுதிட்டு அடிச்சேன், மேல பாரு, அடிச்ச எடம் தெரியும். எழிலன் படிப்ப முடிக்கணும். உங்க நைனா உக்காந்து சாப்புடணும். உனக்கும் அந்த வேலை புடிக்கும், கால் வலிக்குதுன்னு எயுதறப்ப கூட உனக்கு அங்க இருந்து வர மனசு இல்லன்னு எனக்குத் தெரியுது. நான் கூப்டு நீ வந்தா, என்னிக்காவது ஒரு நா என்ன வெறுப்ப. அது எனக்கு வாணாம். போட்டுட்டு ஒயுங்கா வேலையப் பாரு.

ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், இதுக்கு நீ பதில் எயுத முடியாதுன்னு தெரியும். மூணு வருசம் உன்னாண்ட பேசாம இருந்தனே, அப்ப எனக்குக் கஷ்டமே இல்ல. உன்மேல கோவம் இருந்துச்சு. காலைல எந்திரிச்சா அதுவும் கூடவே எந்திரிக்கும், ஷெட்டுக்கு வரும், சவ்வு கிழியறப்பல்லாம் இவ சொன்னத பொய்யாக்கிக் காட்டறேன் பாருன்னு திருப்பி ஒட்ட வெக்கும். அத்த வெச்சே மூணு வருசத்த ஓட்டிட்டேன். இப்ப தேடிப் பாக்கறேன், அது எங்கயும் இல்ல. நீதான் இல்லாம பண்ணிட்ட. இந்த ரெண்டு வருசத்த நான் எத்த வெச்சுகினு ஓட்டுறது சங்கு?

சுஃபியான் அண்ணன் வாசல்ல நிக்கிறாரு. ஃபிளைட்டுக்கு நேரமாச்சாம்.

மங்க